மதகு திறந்த பதினோரு நிமிஷம்

நாலு நாளாக அந்தக் கடிதம் சாப்பாட்டு மேஜையில், உப்பு ஜாடிக்கு அடியில் கிடந்தது.

சின்ன மருமகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லும் கடிதம். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜை. திங்கட்கிழமை சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை அவள் அதைக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் வைத்தாள். "நல்ல சேதிதானே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவரவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்ததோடு சரி. அதற்கப்புறம் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

திறந்தால் அடுத்த கேள்வி வந்து நிற்கும். மாமாவை யார் பார்த்துக்கொள்வது?

கப்பல் பட்டறையில் வெல்டராக நாற்பது வருஷம் நின்ற மனிதர். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் நாலைந்து சொல்லோடு நின்றுபோனது. மூத்த மகன் பஸ் ஓட்டுகிறார். இளையவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் தலைகாட்டுவான். மூத்த மருமகளுக்குக் கழிவுநீர் நீரேற்று நிலையத்தில் மேற்பார்வையாளர் வேலை. அதனால், "சின்னவ வீட்டுலதானே இருக்கா" என்று யாரோ ஒருநாள் சொன்னார்கள். அன்றிலிருந்து மாமா சின்னவளின் வேலையாகிப் போனார்.

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்குப் பெரியவளின் போன் அடித்தது.

"மேடம், ரெண்டாவது மோட்டார் கத்துது, சுத்தல." நிலையத்தின் மெக்கானிக். எல்லோரும் அவரைத் தாடி என்றுதான் கூப்பிடுவார்கள். "முதல் மோட்டார் மட்டும் ஓடுது. ராத்திரி பூரா மழை. கிணறு ஏறிக்கிட்டே இருக்கு."

"எந்தக் கோடு?"

"கிணத்துச் சுவர்ல மஞ்சக் கோட்டைத் தாண்டிடுச்சு."

அவள் பாதி சீவிய தலையை அப்படியே முடிந்துகொண்டு எழுந்தாள். நேற்று முன்தினமும் மழை, நேற்றும் மழை. இரண்டு நாளாகச் சரியான தூக்கமில்லை. முழங்காலிலிருந்து பாதம் வரை கனத்துக் கிடந்தது. பழைய கட்டிடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறங்குவதை நினைத்தாலே கால் கெஞ்சியது.

வாசலில் செருப்பை மாட்டும்போது மாமாவின் அறையிலிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள். கையில் ரப்பர் கையுறை.

"அக்கா, வரும்போது மாமாவோட துடைக்கிற பாக்கெட் ரெண்டு வாங்கிட்டு வந்துடுங்க. தீந்துடுச்சு."

"சரி, சரி," என்று சொல்லிக்கொண்டே பெரியவள் படியிறங்கினாள். மாதத்துக்கு நாலு தடவை கேட்டு, நாலு தடவை 'சரி, சரி' என்று சொல்கிற விஷயம்தான்.

நீரேற்று நிலையம் கடற்கரைச் சாலையின் கோடியில் இருந்தது. ஊரின் மேற்குப் பக்கத்து வீடுகள் அத்தனையின் கழிவுநீரும் நடுவில் இருக்கும் பெரிய கிணற்றில் வந்து விழும். இரண்டு மோட்டார்கள் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். தள்ள முடியாத அளவுக்குத் தண்ணீர் ஏறினால் ஒரே ஒரு வழிதான். சுவரோரம் இருக்கும் மதகைத் திறந்து எல்லாவற்றையும் விரிகுடாவில் விட்டுவிட வேண்டும்.

அந்த மதகைத் திறந்து ஏழு வருஷம் ஆகிறது. அவள் இந்தப் பொறுப்புக்கு வந்ததும் ஏழு வருஷம்தான்.

அதுவும் இப்போது திறக்கவே கூடாத சமயம். மூன்று வாரத்துக்கு முன்னால் விரிகுடாவுக்குள் ஒரு கடற்பசு குட்டியோடு வந்திருந்தது. கடலடியில் புல் மேய்கிற சாதுவான பிராணி. படகுத்துறையில் சாயங்காலமானால் கூட்டம் கூடிவிடும். தாயின் பழுப்பு முதுகு மேலே வரும்; பக்கத்திலேயே ஒரு சின்ன முதுகு. அவ்வளவுதான் காட்சி. அதைப் பார்க்கப் பெரியவளும் ஒருநாள் வேலை முடிந்து அரைமணி நேரம் நின்றிருக்கிறாள். அன்றைக்கு மட்டும் கால்வலி தெரியவில்லை.

அவள் போனபோது தாடி மோட்டாருக்கு வரும் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டு, சங்கிலியைக் கட்டித் தூக்க ஆரம்பித்திருந்தார். நனைந்த யானைக்குட்டி மாதிரி மோட்டார் மெல்ல மேலே வந்தது. அடிப்பக்க விசிறியைக் காணவே இல்லை. அது இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய பந்து. வால் மாதிரி ஒரு திரி அதிலிருந்து தொங்கியது, ஆள் உயரத்துக்கு.

"பாத்தீங்களா, ஜடை பின்னி வெச்சிருக்கு," என்றார் தாடி.

ஈரத்துணிகள். பாக்கெட்டிலிருந்து உருவித் துடைத்து எறிகிற வைப்ஸ். ஒன்றோடு ஒன்று முறுக்கிக்கொண்டு, தலைமுடியும் சமையல் எண்ணெய்க் கட்டியும் சேர்ந்து, கயிற்றைவிடக் கெட்டியாகியிருந்தது. பாக்கெட்டில் 'கழிவறையில் போடலாம், கரைந்துவிடும்' என்று போட்டிருக்கும். கரைந்த ஒன்றை அவள் இந்த ஏழு வருஷத்தில் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் கையுறையை மாட்டிக்கொண்டு கத்தியோடு உட்கார்ந்தார்கள். அறுப்பது, இழுப்பது, வாளியில் போடுவது. மறுபடி அறுப்பது. நாற்றத்துக்கு மூக்கு பழகிவிடும், முதுகுதான் பழகாது.

"இத சாப்பிடற வாய் எதுன்னு யாராவது யோசிக்கறாங்களா?" தாடி தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "போன வருஷம் செத்து ஒதுங்கின ஆமை வயித்துல டாக்டரம்மா எடுத்துக் காட்டினாங்களே, இதே துணிதான். சுருட்டி வெச்ச மாதிரி."

பெரியவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடல் பிராணிகளைக் கவனிக்கிற கால்நடை மருத்துவர் அந்தப் படத்தை அவளுக்குத் தந்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு அவள் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பேசுவாள். எண்ணெயைத் தொட்டியில் கொட்டாதீங்க, காகிதத்துல துடைச்சுக் குப்பையில போடுங்க. காது குடையற பட்ஸைக் கழிவறையில போடாதீங்க. அறுந்த தூண்டில் நரம்பை அப்படியே விட்டுட்டு வராதீங்க. பலூனைப் பறக்க விடாதீங்க. கடைசியில் எப்போதும் ஒரே வரிதான் சொல்வாள். "கடலுக்கு நல்லது பண்ணணும்னா கடலுக்குப் போக வேண்டியதில்ல. உங்க குளியலறையில மூடி போட்ட ஒரு கூடை வெச்சா போதும்."

பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கத்தி எதிலோ மாட்டியது. இழுத்தாள். மற்றவற்றைவிடப் பெரிய துணி, கைக்குட்டையைவிட அகலம். ஓரத்தில் பச்சைக் கோடு. இன்னொன்றை இழுத்தாள். அதிலும் பச்சைக் கோடு. அடுத்து நாலு, ஐந்து.

கை நின்றுவிட்டது.

"இது சாதாரண வைப்ஸ் இல்ல மேடம்," என்றார் தாடி. "பெரிய சைஸு. நோயாளிக்குத் துடைக்கறது. ஆஸ்பத்திரி லைன் இந்தப் பக்கம் வராது. யாரோ வீட்டுல ஆள் படுத்த படுக்கையா இருக்கு போல."

அந்தப் பச்சைக் கோட்டை அவளுக்குத் தெரியும். அலமாரியில் மேல்தட்டிலிருந்து அந்தப் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கும் மருந்துக்கடைக்காரரையும் தெரியும். மாதத்துக்கு நாலு தடவை.

"கிணறு எந்தக் கோட்டுல இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தாடி எட்டிப் பார்த்தார். "சிவப்பைத் தொட்டுடுச்சு."

மணி எட்டு ஐம்பது. அவள் மனசுக்குள் ஓதக் கணக்கைப் போட்டாள். கடல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. ஒன்பது பத்துக்குத்தான் வற்ற ஆரம்பிக்கும். இப்போது மதகைத் திறந்தால் அத்தனை அழுக்கையும் கடல் உள்ளே தள்ளி, புல் வளர்கிற ஆழமில்லாத தண்ணீரிலேயே தேக்கி வைக்கும். வற்றத்தில் திறந்தால் பாதியாவது வெளிக்கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும்.

"இருபது நிமிஷம் தாங்குமா?"

"எங்கிட்டயா கேக்கறீங்க? கிணத்துகிட்ட கேளுங்க," என்றார் தாடி, கத்தியை நிறுத்தாமல்.

எட்டு ஐம்பத்தெட்டுக்கு முதல் போன் வந்தது. பள்ளத்துத் தெருவில் ஒரு தரைத்தள வீடு. குளியலறைத் துவாரத்தில் தண்ணீர் கொப்பளிக்கிறதாம். ஒன்பது நாலுக்கு இரண்டாவது போன். அந்தம்மா அழுதுகொண்டே பேசினார். கைக்குழந்தை இருக்கிற வீடு, தரையெல்லாம் வந்துவிட்டது.

"இதோ, இன்னும் அஞ்சு நிமிஷம்மா," என்றாள் பெரியவள். போனை வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிட்டாள். "டாக்டர், திறக்கப் போறேன். வேற வழியில்ல. படகு எதையும் உள்ள விடாதீங்க. சத்தமில்லாம இருந்தா அதுங்களா வெளிய போயிடுமா?"

"போகலாம்," என்றார் மருத்துவர். "தாய் போனா குட்டி பின்னாலயே போகும். நான் துறைக்குப் போறேன்."

ஒன்பது பன்னிரண்டுக்கு அவள் மதகுச் சக்கரத்தைப் பிடித்தாள். தாடி எழுந்து வந்தார். வேண்டாம் என்று தலையாட்டினாள். "நீங்க மோட்டாரைப் பாருங்க. இது என் கையெழுத்துப் போடற வேலை. நானே சுத்தறேன்." ஏழு வருஷமாகச் சுற்றாத சக்கரம் முதலில் அசைய மறுத்தது. பிறகு ஒரு முனகலோடு திரும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

ஒன்பது இருபத்து மூன்றுக்கு மோட்டார் கிணற்றில் இறங்கிச் சுற்ற ஆரம்பித்தது. உடனே மதகை மூடினாள். பதினோரு நிமிஷம்.

அரைமணி நேரம் கழித்து, கை கழுவி, அறிக்கைப் புத்தகத்தை எடுத்து வைத்தாள். நேரம், அளவு, ஓதம், யார் யாருக்குத் தகவல். எல்லாவற்றையும் எழுதி முடித்து, 'காரணம்' என்ற இடத்துக்கு வந்தாள். 'வீடுகளிலிருந்து வந்த ஈரத்துணிகள் விசிறியில் சுற்றிக்கொண்டதால்' என்று எழுதினாள். பேனாவை மூடினாள். மறுபடி திறந்து, 'அதில் ஒரு பங்கு என் வீட்டிலிருந்து வந்தது' என்று சேர்த்தாள்.

தாடி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "மேடம், இத யாரு கேட்டாங்க? வந்தது ஆயிரம் வீட்டுத் துணி. உங்க வீட்டுது அதுல எத்தனை இருக்கும்?"

"எண்ணலை."

"அப்புறம் என்ன? கிழிச்சுட்டு வேற எழுதுங்க. மேல இருக்கறவங்களுக்கு வெறும் வாய்க்கு அவல் கெடச்ச மாதிரி ஆயிடும்."

"ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டிருக்குண்ணே. கிழிக்க முடியாது," என்றாள். அது உண்மைதான். ஆனால் முடிந்திருந்தாலும் கிழித்திருக்க மாட்டாள். அவ்வளவு அலுப்பு. பொய் சொல்லவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பதினொன்றரைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும்.

மூன்று மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்டாள். மருந்துக்கடை வாசலில் நின்றாள். கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே மேல்தட்டுக்குக் கையை நீட்டினார். "இன்னைக்கு வேண்டாங்க," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வழிநெடுக மனசுக்குள் சின்னவளைத் திட்டிக்கொண்டே போனாள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? ஒவ்வொரு மாடிப்படி முனையிலும் நானே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறேனே, 'கழிவறை குப்பைத்தொட்டி இல்லை' என்று! நல்ல நல்ல வார்த்தைகளாக அடுக்கிவைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடி வருவதற்குள் மூச்சு வாங்கி, அதில் பாதி மறந்துபோனது.

சின்னவள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி நறுக்கிய காய்கறித் தட்டு. கத்தி கையிலேயே இருந்தது.

பெரியவள் கத்தியை மெல்ல எடுத்தாள். சின்னவள் திடுக்கிட்டு விழித்தாள். "பாக்கெட் வாங்கிட்டு வந்தீங்களா?"

"இல்ல. அந்தத் துணியெல்லாம் துடைச்சப்புறம் எங்க போடற?"

கேள்வியின் தொனியிலேயே சின்னவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் மறைக்கவில்லை. "கழிவறையிலதான். தண்ணி விட்டா போயிடுது."

"போறதில்ல. எங்கிட்டதான் வருது." மோட்டார், ஜடை, பள்ளத்துத் தெரு வீடு, மதகு, எல்லாவற்றையும் சொன்னாள். குரலை உயர்த்தக் கூடாது என்று நினைத்திருந்தாள், உயர்ந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் போய்ச் சொல்லிட்டு வர்றேன், என் வீட்டிலயே இப்படியா? ஒரு கூடை வெச்சா போதாதா?"

சின்னவள் தட்டைக் கீழே வைத்தாள். அழவில்லை. அழக்கூடத் தெம்பில்லாதவளாக, தணிந்த குரலில் பேசினாள்.

"கூடை வெச்சேன்க்கா. முதல் வருஷம் வெச்சிருந்தேன். ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. மத்தியானத்துக்குள்ள கூடை நாறும். பையில கட்டி மூணு மாடி இறங்கி, தெருக்கோடித் தொட்டிக்குப் போகணும். அந்த அஞ்சு நிமிஷம் மாமாவைத் தனியா விட்டுட்டுப் போகணும். ஒருநாள் போயிட்டு வர்றதுக்குள்ள கட்டில்லேர்ந்து பாதி சரிஞ்சு கிடந்தார். கீழ்வீட்டுக்காரர் படியில நாறுதுன்னு சண்டைக்கு வந்தார். குப்பை எடுக்கறவர் இந்தப் பையெல்லாம் எடுக்க மாட்டேன்னு விட்டுட்டுப் போயிட்டார். உங்ககிட்ட சொன்னேன்."

"எங்கிட்டயா?"

"சொன்னேன். நீங்க போன் பேசிக்கிட்டிருந்தீங்க. பாக்கெட்ல போட்டுத்தான் இருக்கு, கழிவறையில போடலாம்னு. நான் நம்பிட்டேன். நம்பறதுக்கு வசதியா இருந்தது. கூடை போதும்னு சொல்றது சுலபம்க்கா. கூடையை யார் தூக்கறது?"

பெரியவள் காய்கறித் தட்டை எடுத்து மேடையில் வைத்தாள். நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு என்ன செய்யக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். இந்த வீட்டில் அதை யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள் என்று ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் மாமாவைத் துடைத்துவிட்டதில்லை. பாக்கெட் வாங்கிக் கொடுத்ததோடு தன் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

உள்ளேயிருந்து மாமா கட்டில் சட்டத்தைத் தட்டிக் கூப்பிடும் சத்தம் வந்தது. இரண்டு தட்டு. சின்னவள் முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

"நீ இரு," என்றாள் பெரியவள். "நான் போறேன்."

"உங்களுக்குத் தெரியாதுக்கா."

"நீ சொல்லு. நான் செய்யறேன்."

அலமாரியிலிருந்து பழைய பருத்திப் படுக்கை விரிப்பு ஒன்றை எடுத்து, துண்டு துண்டாகக் கிழித்தாள். வாளியில் வெந்நீர் விளாவிக் கொண்டுபோனாள். மாமா அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கூச்சம். சின்னவளிடம் பழகிவிட்ட கூச்சம், இவளிடம் புதிதாகத் தொடங்கியது.

"நான்தான் மாமா. எனக்கு இது புதுசு. தப்பாப் பண்ணினா தட்டுங்க," என்றாள்.

சின்னவள் வாசற்படியில் சாய்ந்து நின்றாள். கைகள் தானாக முன்னால் நீண்டன, அவற்றைக் கட்டிக்கொண்டாள். "முதல்ல முழங்காலை மடக்குங்க. ஆ, அப்படி. ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல. இழுக்காதீங்க, உருட்டுங்க. இடது பக்கமா. தலையணையை முதுகுக்கு முட்டு குடுங்க."

கிணற்றிலிருந்து வருவதைக் கையில் அள்ளிப் பழகியவள்தான். ஆனாலும் இது வேறாக இருந்தது. ஒரு மனிதரின் உடம்பு. தொடை இரண்டும் குச்சியாக இளைத்திருந்தன. அவள் கல்யாணமாகி வந்த புதிதில் இதே மனிதர் ஒரு பீரோவைத் தனி ஆளாக மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஈரத்துணியை வைத்ததும் சட்டத்தில் டொக் என்று ஒரு தட்டு.

"என்ன மாமா?"

"சூடு," என்றார் மாமா. தெளிவாகச் சொன்னார்.

சின்னவள் சிரித்துவிட்டாள். நாலு நாளில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. "அவருக்கு வெதுவெதுன்னு இருக்கணும்க்கா. முழங்கையை விட்டுப் பாருங்க."

முடிக்க இருபத்தைந்து நிமிஷம் ஆனது. சின்னவளுக்கு எட்டு நிமிஷ வேலையாம். துடைத்து, உலரவிட்டு, களிம்பு தடவி, குதிகால் சிவந்திருக்கிறதா என்று பார்த்து, துணியை அலசி சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டு மூடியபோது பெரியவளின் முதுகு இற்று விழுந்துவிடும் போலிருந்தது. இதே மாதிரி ஏழு தடவை. ஒரு நாளைக்கு.

"துணின்னா கழிவறைக்குப் போகாது. கொதிக்க வெச்சுத் துவைச்சுக்கலாம். ராத்திரித் துணி என்னுது," என்றாள்.

"லேசா சொல்லிடாதீங்கக்கா. நீங்களும் களைச்சுப்போய்த்தான் வர்றீங்க. ரெண்டு நாள் செய்வீங்க. மூணாவது நாள் மழை வரும், போன் வரும், ஓடுவீங்க. அப்புறம் அந்த வாளியும் எனக்குத்தான்."

பெரியவள் தலையாட்டினாள். "வாஸ்தவம்தான்," என்றாள்.

இரண்டு பேரும் அப்படியே மாமாவின் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சின்னவள் கேட்டாள். "அந்தக் கடற்பசுக் குட்டி என்னாச்சுக்கா?"

ஆறு மணிக்கு மருத்துவரே கூப்பிட்டார். தாய்க் கடற்பசு விரிகுடா வாய்க்கு வெளியே தென்பட்டதாம். நன்றாக மூச்சு விடுகிறது. குட்டியைப் பார்க்க முடியவில்லை. தண்ணீர் கலங்கிக் கிடப்பதால் பக்கத்தில் இருந்தாலும் தெரிந்திருக்காது. விடிந்ததும் துடுப்புப் படகில் போய்ப் பார்க்கப் போகிறார்.

"வற்றத்துக்குக் காத்திருந்தீங்களே, அது பெரிய உபகாரம்," என்றார் மருத்துவர். பெரியவள் நன்றி சொல்லவில்லை. பள்ளத்துத் தெரு அம்மாவின் அழுகை காதிலேயே நின்றது.

ஏழு மணிக்கு அவள் கணவர் வந்தார். பஸ் டிரைவர் சட்டையின் காலரைத் தளர்த்திக்கொண்டே வழக்கம்போல நேராகச் சாப்பாட்டு மேஜைக்குப் போனார். மேஜையில் தட்டு இல்லை. உப்பு ஜாடி ஒரு பக்கம் தள்ளியிருந்தது. கடிதம் பிரித்து வைக்கப்பட்டிருந்தது.

"என்ன, சாப்பாடு ஆகலையா?"

"ஆகுது. முதல்ல உக்காருங்க," என்றாள் பெரியவள். அன்றைய கதை முழுவதையும் சொன்னாள். அறிக்கையில் எழுதியதையும் சேர்த்து.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "உனக்கு என்ன பைத்தியமா? நம்ம வீட்டுப் பேரை நீயே எழுதிக் குடுப்பியா?"

"எழுதியாச்சு. இப்ப அதுவல்ல பேச்சு. திங்கட்கிழமை காலைல பத்து மணிக்கு நான் பெரிய ஆபீஸ்ல நிக்கணும். அதே நேரத்துக்கு இவ கிளினிக்ல இருக்கணும். அப்பாவை யார் பாத்துக்கறது?"

நாலு நாளாக எல்லோரும் சுற்றிச் சுற்றி விலகிப்போன கேள்வி. சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது. சின்னவள் அடுப்பின் பக்கமே திரும்பி நின்றாள்.

"திங்கட்கிழமை எனக்கு டூட்டி," என்றார் அவர்.

"தெரியும். மாத்திக் கேளுங்க. ரெண்டாவது ஷிஃப்டுக்குப் போறவங்க இல்லையா? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. உங்களுக்கு லீவு. காலைல ஆறு மணிக்கு முதல் தடவை. நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"நானா? எனக்கு எப்படித் தெரியும்? அதெல்லாம் பழக்கமில்ல."

"எனக்கும் இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் தெரியாது. என்னைப் பெத்தவர் இல்ல அவர். உங்களைப் பெத்தவர்."

அவர் சின்னவளைப் பார்த்தார், ஏதாவது சொல்வாள் என்று. எப்போதும் அவள்தான் குறுக்கே விழுந்து "பரவால்ல, நானே பாத்துக்கறேன்" என்பாள். அவள் திரும்பவில்லை. அடுப்பைச் சிறியதாக்கினாள்.

அவர் எழுந்தார். வாசல் பக்கம் போகிறாரா, அறைப்பக்கம் போகிறாரா என்று இரண்டு பெண்களுக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரிந்ததாகத் தோன்றவில்லை. கூடத்தின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அப்பாவின் அறைக் கதவை விரலால் தள்ளித் திறந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா," என்றார். "நாளைக்குக் காலைல நான் வரட்டுமா?"

கட்டிலிலிருந்து ஒரு தட்டும் வரவில்லை. சரி என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

பெரியவள் நாற்காலியில் சாய்ந்து, காத்திருந்தாள்.